எந்த நரம்பை மீட்டுவது? – ஜப்பானிய மரபிசைக் கருவிகள் குறித்து ஓர் ஆய்வு

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்துக் காண்பது தமிழ் மரபு. இவற்றுள் நரம்புக்கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜப்பானியர் தம் மரபில் போற்றிவருவன எவை என்பதையும், புதிதாகக் கற்க விழைவோர் அவற்றுள் ஒன்றை எங்ஙனம் தேர்வது என்பதையும் இக்கட்டுரையில் காண முற்படுகின்றோம். இது வெறும் அறிவு வேட்கையால் எழுந்த வினா அன்று. 2002ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், ஜப்பானிய நடுநிலைப் பள்ளி மாணவர் மூன்றாண்டுக் கல்விக்குள் தம் நாட்டு மரபுக்கருவி ஒன்றையேனும் கையிலெடுத்துப் பயில வேண்டும் என விதித்தது. மேலை இசையிலேயே பயிற்சி பெற்றிருந்த இசையாசிரியர் பலர் அன்றுதொட்டு இவ்வினாவுக்கு விடை தேட நேர்ந்தது.

ஓசை செவிக்கு இனிதாயிருக்கிறது என்பது ஒன்றே தேர்வுக்குப் போதாது என்பது நம் கருத்து. ஜப்பானிய நரம்பிசை பெரும்பாலும் மனிதக் குரலோடு பிணைந்து வளர்ந்தது. பாட்டுக்கு உரியது, கதைக்கு உரியது, கூத்துக்கு உரியது எனக் கருவிகள் பிரிந்து நிற்கின்றன. எனவே, 'நாம் பாடப் போகின்றோமா, கதை சொல்லப் போகின்றோமா, வாய் திறவாது மீட்டப் போகின்றோமா?' என்பதே முதற்கண் கேட்கத்தக்கது. அதற்கு விடை கண்டபின்பே கடைக்குச் செல்லல் வேண்டும்.

வாய் திறவாது மீட்ட விரும்புவோர்க்கு எளிதில் கைகொடுப்பது கோட்டோ. இதனை யாழ் என மொழிபெயர்க்கத் தோன்றும். ஆயினும் அது பொருந்தாது. ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள, 'கிரி' என்னும் இலேசான மரத்தாலான பேழையின்மேல் பதின்மூன்று நரம்புகள் கிடக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் நகர்த்தத்தக்க குதிரை ஒன்று நிற்கும். குதிரையை நகர்த்திச் சுருதி கூட்டுவர். வலக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் செயற்கை நகம் மாட்டி மீட்டுவர். இடக்கை குதிரைக்கு அப்பால் நரம்பை அழுத்திச் சுரத்தை ஏற்றும். கமகம் அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆசிரியர் சுருதி கூட்டி வைத்துவிட்டால், முதல் நாளிலேயே மாணவர் பிழையற்ற சுரங்களை எழுப்பலாம். ஒரே கருவியை இருவர் மூவர் முறைவைத்துப் பயிலலாம். பள்ளிகள் பல இதனை நாடியதற்கு இவையே போதிய காரணங்கள்.

சீனத்திலிருந்து நாரா காலத்தில் (710–794) வந்த இக்கருவியின் இசையை அரண்மனைக்கு வெளியே தனிக் கலையாக வளர்த்தவருள் தலையாயவர் யாட்சுஹாஷி கெங்யோ (1614–1685). அவர் பார்வையற்றவர். பின்னர் இக்கூ்டா, யமாடா என இரு பெரும் மரபுகள் எழுந்தன. இக்கூட்டா மரபினர் சதுர நகம் அணிந்து, கருவிக்குச் சற்றே சாய்வாக அமர்வர். யமாடா மரபினர் கூரிய நகம் அணிந்து நேராக அமர்வர். அயலார்க்கு இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மரபில் ஈராண்டு பயின்றவர் மற்றதற்கு மாறினால், நகம் முதல் இருக்கை வரை அனைத்தையும் மாற்ற நேரும். பார்வையிழந்த மற்றொரு மேதையான மியாகி மிச்சியோ (1894–1956) 1921இல் பதினேழு நரம்புகள் கொண்ட பெரிய கோட்டோவை வகுத்தார். 1929இல் அவர் இயற்றிய 'ஹாரு நோ உமி' (வசந்தக் கடல்) இன்றும் ஜப்பானியப் புத்தாண்டு நாள்களில் எங்கும் ஒலிக்கின்றது.

ஷாமிசென் கருவியில் தோலும் நரம்பும் கூடுகின்றன. மூன்றே நரம்புகள், சதுரமான உடல், அதன் இருபுறமும் தோல், மெட்டு இல்லாத நீண்ட தண்டு. விசிறிபோல் விரிந்த 'பாச்சி' என்னும் தகட்டால் நரம்பை மீட்டும்போதே தோலிலும் அடி விழும். தாழ்ந்த சுருதியுள்ள நரம்பு தண்டில் உரசி ரீங்கரிக்கும்படி அமைத்திருப்பர். இதனை 'சவாரி' என்பர். தம்புராவின் குதிரையில் நூலிழை வைத்து நாம் பெறும் ரீங்காரத்துக்கு இது நெருங்கிய உறவு.

தொடக்கநிலை மாணவர் பெரிதும் தடுமாறுவது இக்கருவியில்தான். ஷாமிசென் என்பது ஒரு கருவியின் பெயர் அன்று. ஒரு குடும்பத்தின் பெயர். மெல்லிய தண்டுடையது கபுக்கி நாடகத்தின் நாகவுட்டா இசைக்கு உரியது. நடுத்தரத் தண்டு, கோட்டோவோடு இசைக்கும் ஜியுட்டா பாடல்களுக்கு ஏற்றது. தடித்த தண்டு பொம்மலாட்டத்தின் கிடாயு கதைப்பாட்டுக்கும், வடகோடியில் அவோமோரிப் பகுதியின் ட்சுகாரு இசைக்கும் உரியது. வீடுதோறும் வாசித்து இரந்துண்ட பார்வையற்ற கலைஞரிடையே வளர்ந்தது ட்சுகாரு இசை. தகஹாஷி சிக்குசான் (1910–1998) அதனை அரங்குக்கு உயர்த்தியவர்களுள் முதன்மையானவர். அவ்விசையின் வேகத்தில் மயங்கித் தடித்த தண்டை வாங்கிவிட்டு, நாகவுட்டா ஆசிரியரிடம் சென்று நிற்பவர் பொருளையும் இழப்பர், காலத்தையும் இழப்பர். எனவே ஷாமிசென் விரும்புவோர் இசை வகையை முதலிலும், ஆசிரியரை அடுத்தும், கருவியை இறுதியிலும் தேர்தல் வேண்டும்.

கதை சொல்ல விழைவோர்க்கு உரியது பிவா. பாதிப் பேரிக்காய் வடிவினது. பாரசீகத்தின் பர்பத், அரபு நாட்டின் ஊத், சீனத்தின் பிபா ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஐந்து நரம்புப் பிவா ஒன்று உள்ளது. ஒட்டகத்தின்மேல் அமர்ந்து கருவி மீட்டும் ஒருவனின் உருவம் முத்துச்சிப்பியால் அதில் பதிக்கப்பட்டுள்ளது. ஒட்டகம் இயல்பாக வாழாத தீவில் அவ்வுருவம், கருவி வந்த வழியைச் சொல்லாமற் சொல்கின்றது. 1185இல் டான்-நோ-உராக் கடற்போரில் வீழ்ந்த தைரா குலத்தின் வரலாற்றைப் பார்வையற்ற பிவாப் பாணர் ஊர் ஊராகப் பாடித் திரிந்தனர். சட்சுமா பிவாவில் மெட்டுகள் உயர்ந்து நிற்கும். அவற்றின் இடையே நரம்பை அழுத்தி ஒரே மெட்டில் பல சுரங்களைப் பெறுவர். 1967இல் நியூயார்க்கில் அரங்கேறிய தகெமிட்சுவின் 'நவம்பர் ஸ்டெப்ஸ்' படைப்பில் ட்சுருட்டா கின்ஷி என்னும் பெண்மணி பிவா மீட்டி உலகின் செவியை ஈர்த்தார். ஆயினும் பழஞ்சொல் நிறைந்த கதையை உணர்ந்து உரைக்கும் மொழியறிவு இல்லாதார்க்கு இக்கருவியை நாம் பரிந்துரையோம்.

வில்லால் இசைக்கப்படும் கொக்யூவும் உண்டு. அதற்கு ஆசிரியர் கிடைப்பது அரிது என்பதோடு அமைவோம்.

இனி, ஆசிரியர். ஜப்பானிய மரபிசையில் 'இயெமோட்டோ' என்னும் குலபதி முறை உண்டு. மாணவர் படிப்படியாகச் சான்று பெற்று, உயர்நிலையில் மரபின் பெயரையும் பெறுவர். நாற்பது கல் தொலைவிலுள்ள சிறந்த ஆசிரியரைவிட, வாரந்தோறும் சென்று எதிரமரத்தக்க நல்லாசிரியரே மேல். அவர் எதைக் கற்பிக்கிறாரோ அதையே கற்பது, நம் விருப்பத்தைக் குறைத்துக்கொள்வது ஆகாது. கோட்டோவும் ஷாமிசெனும் சேர்த்துக் கற்பிப்போர் பலர் உளர். முழந்தாளிட்டு நெடுநேரம் அமர இயலாதார் அதனை முதல் நாளே கூறிவிடலாம். கோட்டோவை நாற்காலியில் அமர்ந்து வாசிக்கும் வழக்கமும் பரவியுள்ளது.

பொருள் பற்றியும் ஒரு சொல். ஷாமிசெனுக்குப் பூனைத்தோலும் நாய்த்தோலும் போர்த்துவது பழைய வழக்கம். வறட்சியிலும் ஈரத்திலும் அது கிழியும்; மீண்டும் போர்த்தச் செலவு மிகும். கோட்டோவின் குதிரைக்கும் ஷாமிசெனின் பாச்சிக்கும் முன்பு யானைத்தந்தம் பயன்பட்டது. 1989இல் பன்னாட்டுத் தந்த வணிகத்தைத் தடைசெய்ய முடிவெடுத்தபின், தந்தப் பொருளோடு எல்லை கடப்பவர் இடர்ப்படுவர். தொடக்கத்தில் செயற்கைத் தோலும் நெகிழிக் குதிரையும் போதும்.

பாடவும் வேண்டும், செலவும் சுருங்க வேண்டும் என்பார்க்கு ஓக்கினாவாவின் சன்ஷின் உண்டு. ஷாமிசெனுக்கு மூத்தது இது, பாம்புத்தோல் போர்த்தது, கைக்கு அடக்கமானது. அங்கே பாட்டும் சன்ஷினும் ஒருவரிடமே அமையும், வாசிப்பவரே பாடுவார். 1945ஆம் ஆண்டுப் போரில் வீடும் கருவியும் இழந்து முகாம்களில் அடைபட்ட ஓக்கினாவா மக்கள், காலித் தகரக் குவளையை உடலாகவும், கிடைத்த மரத்துண்டைத் தண்டாகவும், வான்குடைக் கயிற்றின் இழைகளை நரம்பாகவும் கொண்டு சன்ஷின் செய்து பாடினர். 'கன்கரா சன்ஷின்' எனப்படும் அத்தகரக் கருவி இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றது. தொடக்க மாணவர் தாமே கோத்துக்கொள்ளும் பகுதிகளாகவும் வாங்கலாம்.