வாங்குவோரை நேரே அறிதல்: இணையக் கருவிகள் பற்றிய அங்கத்தினர் பாடம்

நெய்தவன் கைக்குக் கூலியும், விற்றவன் கைக்கு லாபமும் போய்ச் சேருவது நெடுநாளைய வழக்கம். பயிரிட்டவன் நிலைமையும் இதுவே. இவ்வழக்கத்தை மாற்றும்பொருட்டே கூட்டுறவு இயக்கம் நம் நாட்டில் வேரூன்றியது. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்றது. 1935-ஆம் ஆண்டில் கைத்தறி நெசவாளர்களின் சரக்கை விற்பதற்கென ஒரு தலைமைச் சங்கம் அமைந்தது. அதுவே இன்று நாம் கோ-ஆப்டெக்ஸ் என அழைக்கும் நிறுவனம். இச்சங்கங்களுக்கு அடிப்படையான கருத்து ஒன்று உண்டு. பொருளைச் செய்கிறவன் அதை வாங்குகிறவரை அறிந்திருக்க வேண்டும். நடுவில் நிற்பவரின் தயவில் அவன் வாழலாகாது என்பதே அது.

இன்று வாங்குகிறவர் கடைவீதிக்கு வருமுன் கைபேசியைப் பார்க்கிறார். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆகும் சரக்குகளை அவர் அங்கே காண்கிறார். அவற்றை அவருக்குக் காட்டுகிறவர் யார்? தறியையே கண்டிராத ஒருவர் நம் சேலையின் படத்தை எடுத்துப் போட்டு, தம் விலையைச் சொல்லி, தம் பெயரில் விற்பது இப்போது எளிதாகிவிட்டது. பழைய தரகர் புது வேஷத்தில் வந்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். ஆகவே சமூக ஊடகங்களைக் கற்பதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் தகாது. அது அங்கத்தினரின் ஜீவனத்தைப் பற்றிய விஷயம்.

1. குத்தகை நிலமும் சொந்த நிலமும்

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்திற் பதித்துக்கொள்வோம். வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகிய யாவும் பிறருடைய நிலம். நாம் அங்கே குத்தகைக்குப் பயிரிடுகிறோம். வாடகை கேட்கவில்லை என்பதால் நிலம் நமதாகிவிடாது.

2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. டிக்டாக்கையே கடையாகவும் விளம்பரமாகவும் நம்பியிருந்தோர், தம்மைப் பின்தொடர்ந்த மக்களோடு இருந்த தொடர்பை ஒரே நாளில் இழந்தனர். தடை சரியா தவறா என்பது இப்பாடத்தின் விஷயமன்று. குத்தகை நிலம் எந்நேரமும் கையைவிட்டுப் போகலாம் என்பதே நாம் அறிய வேண்டியது.

அப்படியானால் நமக்குச் சொந்தமானவை எவை? இரண்டு உண்டு. ஒன்று, நம் ஊரின் பெயரும் அதற்குரிய நாணயமும். மற்றொன்று, நம்மிடம் வாங்கியவர்களின் பெயரும் விலாசமும் எழுதிய பேரேடு. எந்தக் கருவியைக் கையாண்டாலும் அது இவ்விரண்டையும் வளர்க்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இணையத்தின் வழியாக ஒருவர் ஒரு சேலை வாங்கினால், அவருடைய சம்மதம் பெற்று, பெயர், தொலைபேசி எண், வாங்கிய சரக்கு, தேதி ஆகியவற்றைச் சங்கத்தின் நோட்டில் அன்றே எழுதிக்கொள்க. கைபேசி தொலைந்தாலும், செயலி மறைந்தாலும், அந்நோட்டு நம்மிடம் இருக்கும்.

2. சரக்குக்கு ஏற்ற கருவி

எல்லாப் பயிருக்கும் ஒரே உரம் ஆகாது. நம் வட்டாரத்துச் சரக்குகள் நான்கினை எடுத்துக்கொண்டு, எதற்கு எக்கருவி ஏற்றது என்று பார்ப்போம்.

பால்கோவா: ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டாள் கோயிலுக்கு வருவோர் ஊருக்கு வந்தபின் கைபேசியில் கடையைத் தேடுகிறார்கள். ஆகவே இங்கே முதலில் வேண்டியது கூகுள் வரைபடத்தில் நம் விற்பனை நிலையத்தின் பதிவு. அதற்குக் கட்டணம் இல்லை. கடையின் பெயர், இடம், திறக்கும் நேரம், தொலைபேசி எண், படங்கள் ஆகியவற்றைக் கொடுத்து, கடை நம்முடையதே என்பதை அந்நிறுவனம் கேட்கும் முறையில் மெய்ப்பிக்க வேண்டும். ஆடிப்பூரத் திருவிழாக் காலத்தில் நேரம் மாறுமானால் அதையும் முன்கூட்டியே திருத்துக. பூட்டிய கடைக்கு அலைந்து வந்தவர் மறுமுறை வரமாட்டார். வெளியூருக்கு அனுப்பும் பொட்டலத்தில் தயாரித்த தேதி, கெடாமல் இருக்கும் காலம், உணவுப் பாதுகாப்பு ஆணையம் அளித்த 14 இலக்க எண் ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும்.

கைத்தறிச் சேலை: வத்திராயிருப்பை அடுத்த சுந்தரபாண்டியம் பருத்திச் சேலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். சேலையைக் கண்ணால் கண்டே மனம் கொள்வர். ஆகவே படம் காட்டும் இன்ஸ்டாகிராமும், வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் சரக்குப் பட்டியலும் இதற்கு ஏற்றவை. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த அச்செயலியில் ஒவ்வொரு சேலைக்கும் படம், விலை, விவரம் ஆகியவற்றைத் தனித்தனியே பதியலாம். கடை அடைத்த நேரத்தில் கேட்பவருக்குத் தானே மறுமொழி சொல்லவும், பணம் தந்தவர், தராதவர் எனப் பிரித்து அடையாளமிடவும் அதில் வசதி உண்டு.

மருத்துவக் கட்டுத் துணி: ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆகும் இத்துணியை ஆஸ்பத்திரிகளும் மொத்த வியாபாரிகளும் வாங்குகிறார்கள். இதற்கு அழகுப் படங்களால் பெரும் பயன் இல்லை. அரசு அலுவலகங்களும் ஆஸ்பத்திரிகளும் கொள்முதல் செய்வதற்கென 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய ஜெம் என்னும் இணையச் சந்தையில் பதிவு பெறுவதும், தரச் சான்றுகளை ஒழுங்காக வைத்திருப்பதுமே இங்கு முக்கியம்.

மாங்காயும் தேங்காயும்: மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புக்காரர்களுக்கு விலை அறிதலே முதற் காரியம். 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய தேசிய வேளாண் சந்தையின் செயலியில் பல ஊர்ச் சந்தை விலைகளைப் பார்க்கலாம். பழக்கமான வாடிக்கையாளர்களுக்குப் பருவத் தொடக்கத்தில் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புதல் நல்ல வழி. ஆனால் நம் எண்ணைத் தம் கைபேசியில் பதித்து வைத்திருப்பவர்களுக்கே அவ்வாறு அனுப்பும் செய்தி போய்ச் சேரும். ஆகவே பழம் வாங்கும்போதே எண்ணைப் பதித்துக்கொள்ளுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்க.

3. நான்கு வாரப் பயிற்சி

எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்க முயல்வோர் ஒன்றையும் கற்பதில்லை. வாரத்துக்கு ஒன்றாகக் கற்பதே உசிதம்.

முதல் வாரம்: வரைபடப் பதிவையும் வாட்ஸ்அப் சரக்குப் பட்டியலையும் முடிக்க வேண்டும். பட்டியலில் பத்துச் சரக்குக்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் வாரம்: படம் எடுத்தல். காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத நிழலில், வெள்ளைச் சுவருக்கு எதிரே சேலையை விரிக்க வேண்டும். கைபேசியின் மின்னொளி வேண்டாம். முழுச் சேலை ஒன்று, முந்தி ஒன்று, கரை ஒன்று, நெசவின் நெருக்கம் தெரிய மிக அருகில் ஒன்று என நான்கு படங்கள் போதும். பின்னர் சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு கைபேசிகளில் படத்தைப் பார்த்து நிறத்தை ஒப்பிடுக. அரக்கு நிறம் சிவப்பாகத் தெரிந்தால், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். தபால் செலவு நம் தலையில் விழும்.

மூன்றாம் வாரம்: விவரம் எழுதுதல். நூல் நம்பர், சேலையின் நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, சாயம், துவைக்கும் முறை, விலை, தபால் செலவு ஆகிய ஏழும் இருக்க வேண்டும். தமிழில் தட்டெழுதத் தெரியாதவர்கள் கைபேசியில் வாயால் சொன்னாலே அது எழுத்தாகிவிடும். பிழை திருத்தினால் போதும். திருவிழா விளம்பரம், விலைத் தாள் முதலியவற்றை ஆஸ்திரேலியாவில் பிறந்த கேன்வா என்னும் கருவியில் தமிழ் எழுத்துக்களைக் கொண்டே அமைக்கலாம். அதன் இலவசப் பகுதியே நமக்குப் போதுமானது.

நான்காம் வாரம்: காலம் வகுத்தல். நெசவுக்கு நடுவே தினமும் கைபேசியோடு உட்கார முடியாது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் உரிய மெட்டா பிசினஸ் சூட் என்னும் கருவியில், ஒரு வாரத்துக்குரிய படங்களையும் செய்திகளையும் ஒரே நாளில் ஏற்றி, இன்ன நாளில் இன்ன நேரத்தில் வெளிவருக என்று குறித்து வைக்கலாம். மேலும் கற்க விரும்புவோர்க்கு அந்நிறுவனமே புளூபிரிண்ட் என்ற பெயரில் இலவசப் பாடங்கள் நடத்துகிறது. ஆயிரக்கணக்கில் கட்டணம் பெற்றுக்கொண்டு பதினாயிரம் பேரைச் சேர்த்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டா. அவர் சேர்ப்பது பெயர்களே, வாங்குவோரை அல்ல.

4. கணக்குப் பார்த்தல்

விருப்பக் குறிகளை எண்ணி மகிழ்வது புதியவர் செய்யும் தவறு. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். முதற் படத்தை 2,000 பேர் பார்த்தனர். 50 பேர் விலை கேட்டனர். 5 பேர் வாங்கினர். இரண்டாம் படத்தை 300 பேரே பார்த்தனர். 20 பேர் விலை கேட்டனர். 8 பேர் வாங்கினர். எது நல்ல படம்? இரண்டாவதே. பார்த்தவர், கேட்டவர், வாங்கியவர், மறுமுறை வாங்கியவர் என நான்கு பத்திகள் இட்டு மாதந்தோறும் எழுதி வருக. நான்காம் பத்தி வளர்ந்தால் வியாபாரம் வேர்விட்டது என்று பொருள்.

எம்மாதத்தில் மக்கள் எதை அதிகம் தேடுகிறார்கள் என்பதைக் கூகுள் டிரெண்ட்ஸ் என்னும் கருவி வரைகோட்டில் காட்டும். அதிற் காணும் எண் தேடியவர்களின் தொகை அன்று. மிக அதிகமாகத் தேடிய காலத்தை 100 என்று வைத்து, பிற காலங்களை அதனோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது, அவ்வளவே. எப்போது சரக்கைச் சேர்த்து வைப்பது என்று தீர்மானிக்க இது துணை செய்யும்.

5. பெயரைக் காத்தல்

மேலே சொன்ன இரண்டு சொத்துக்களுள் பெயரே பெரிது. கைத்தறிக்கு 2006-ஆம் ஆண்டு முதல் கைத்தறி முத்திரையும், 2015-ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைத்தறி என்னும் தர அடையாளமும் உண்டு. முத்திரை பெற்ற சேலையில் அது தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போடுக. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று பிறர் விற்பது நம் கூலியைத் திருடுவதாகும். நாமே அவ்வாறு ஒரு முறை செய்தாலும், முத்திரை முழுவதும் பொய்யாகிவிடும்.

புவிசார் குறியீட்டுக்கும் இது பொருந்தும். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறியீடு பதிவானால் மட்டும் போதாது. தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் அதனைப் பயன்படுத்தும் உரிமையாளராகத் தம்மையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்பதிவு கையில் இருந்தால், வேறோர் ஊரில் கிண்டியதை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெயரில் இணையத்தில் விற்பவர்மீது முறையிட இடம் உண்டு.

நம் படத்தைப் பிறர் எடுத்தாள்கிறாரா என்று அறியக் கூகுள் லென்ஸ் உதவும். படத்தை அதில் இட்டால், அதே படமோ அதை ஒத்த படமோ இணையத்தில் வேறெங்கே காணப்படுகிறது என்பதைத் தேடிக் காட்டும். மாதம் ஒரு முறை சோதிப்பது நன்று.

பணம் பெறுவதிலும் ஜாக்கிரதை வேண்டும். யூ.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் அனுப்ப எண்ணைப் போடுங்கள் என்று கேட்பவர் திருடர். பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் படத்தை நம்பாமல், வங்கிக் கணக்கில் வரவைக் கண்டபின் சரக்கை அனுப்புக. ஏமாற்றப்பட்டால் வெட்கப்படாது, தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

6. சங்கம் செய்ய வேண்டுவன

கடவுச்சொல் ஒரு தனி மனிதரின் தலையில் இருக்கலாகாது. சங்கத்தின் பக்கத்தை இளைஞர் ஒருவர் தம் சொந்த எண்ணில் தொடங்கி, அவர் வேலைக்கு வெளியூர் சென்றால் பக்கமும் அவரோடு போய்விடும். எனவே கணக்குகளைச் சங்கத்தின் எண்ணிலேயே தொடங்க வேண்டும். பொறுப்பாளர் இருவர் இருக்க வேண்டும். அவர்களை நியமித்ததை நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். காரியதரிசி மாறும்போது சாவியையும் ரொக்கத்தையும் ஒப்படைப்பது போலக் கடவுச்சொற்களையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் பெறுக.

படத்தில் நெய்தவரின் பெயரைச் சொல்லலாமா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். அவர் சம்மதித்தால் சொல்லுவதே சிறப்பு. இத்தனை காலம் சேலையின் விலையை மட்டுமே அறிந்திருந்தவர், அதை நெய்த கையையும் அறியட்டும். அங்கத்தினர் கல்வி கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்று. முதியவர் தறியின் நுட்பத்தைச் சொல்ல, இளையவர் அதைக் கைபேசியில் பதிய, இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராவது இக்கல்வியின் தனிப் பயன்.

படிப்பு வட்டத்தில் கலந்து பேசுவதற்குரிய கேள்விகள்

1. நம் சங்கத்தில் கடந்த மூன்று மாதங்களில் வாங்கியோரின் பெயர்களும் எண்களும் எழுதப்பட்டுள்ளனவா? இல்லையெனில் யார், என்று முதல் எழுதுவது?

2. நம் சரக்குக்கு முதலில் வேண்டிய ஒரே ஒரு கருவி எது? காரணம் கூறுக.

3. நாளைக் காலை வாட்ஸ்அப் நின்றுபோனால், நம் வாடிக்கையாளர் நம்மை எவ்வாறு கண்டுபிடிப்பார்?

4. சங்கத்தின் கணக்குகளுக்குக் கடவுச்சொல் யாரிடம் உள்ளது? அது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியுள்ளதா?

அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் தாம் செய்த சரக்கு ஒன்றின் நான்கு படங்களோடு வருவார்களாக.