பொதுநிலமும் மண்காப்பும்

ஹைதராபாத்திற்குக் கிழக்கே, 50 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் போச்சம்பள்ளி என்னும் நெசவாளர் ஊர் உள்ளது. 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி வினோபா பாவே அங்கு வந்தபோது, நிலமற்ற 40 ஹரிஜனக் குடும்பத்தினர் 80 ஏக்கர் நிலம் வேண்டுமென்று கேட்டனர். அவ்வூரைச் சேர்ந்த வெதிரே ராமச்சந்திர ரெட்டி முன்வந்து 100 ஏக்கர் அளித்தார். பூதானம் இவ்வாறு பிறந்தது.

பூதானத்தில் நிலம் தனியாருக்குப் பிரித்தளிக்கப்பட்டது. பின்னர் தோன்றிய கிராமதானத்திலோ நிலத்தின் உரிமை கிராம சபையைச் சேரும். 1965-இல் எளிதாக்கப்பட்ட முறைப்படி, நிலமுடையோர் தம் நிலத்தில் இருபதில் ஒரு பங்கை நிலமற்றோருக்கு விட்டுக்கொடுத்து, எஞ்சியதை வழிவழியாக உழுதுவருவர். ஆனால் வெளியாருக்கு விற்க இயலாது. விளைச்சலில் ஒரு சிறு பகுதி ஊர்ப்பொது நிதிக்குச் செல்லும். ‘டிரஸ்ட்’ என்பதை நாம் ‘அறக்கட்டளை’ என்று பெயர்த்துப் பழகிவிட்டோம். அச்சொல் சத்திரத்தையும் அன்னதானத்தையும் நினைவூட்டுகிறது. இங்கே ‘பொறுப்பாண்மை’ என்பதே பொருளுக்கு நெருக்கமானது.

இம்முறையால் மண்ணுக்கு என்ன பயன் என்று வினவலாம். தெலங்கானாவின் மேட்டு நிலங்களில் பெரும்பாலும் காணப்படுவது ‘சல்கா’ எனப்படும் செம்மணல் கலந்த மண். இதன் ஆழம் குறைவு. பெருந்துளி மழை விழுந்ததும் மேற்பரப்பு இறுகி ஏடுபோல் படிகிறது. அதன்பின் நீர் உள்ளே இறங்காமல் சரிவை நோக்கி ஓடுகிறது. ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். போச்சம்பள்ளியில் தானமளித்த 100 ஏக்கரைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு கோடி லிட்டர். இதில் ஒரு பகுதி ஓடினாலும் அது தன்னோடு மேல்மண்ணையும் கொண்டுபோகும்.

இதனைத் தடுக்கச் சமமட்ட வரப்பு இடுவர். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைத்துச் செல்லும் அக்கோடு, பட்டாவின் எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. ஒருவர் வயலின் நடுவே புகுந்து மற்றவர் வயலின் மூலையில் வெளிப்படும். ஒவ்வொருவரும் தத்தம் எல்லையிலே வரப்பிட்டால், நீர் தாழ்ந்த மூலையில் தேங்கி உடைத்துக்கொள்ளும். கீழ்நிலத்துக்காரரின் பயிர் பாழாகும். மேல்சரிவில் ஒருவர் இசையாவிடினும் கீழுள்ளோர் உழைப்பு வீணே. ஊரே நிலத்துக்குப் பொறுப்பாகுமிடத்து, வரப்பை மண்ணின் சரிவு காட்டும் வழியே கொண்டுசெல்லலாம்.

எனினும் உரிமைப் பத்திரம் மட்டும் போதாது. தானமாக வந்த நிலங்களுள் பல கல்லும் கரம்புமாக இருந்தன. வழக்கில் சிக்கியவையும் உண்டு. மாடும் விதையும் இல்லாதவர் கையில் அவை தரிசாகவே கிடந்தன. வெளிநாட்டிலும் இதே பாடம் கிடைத்தது. கிராமதானத்தை அறிந்த ராபர்ட் ஸ்வான் முதலியோரின் துணையோடு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின மக்கள் 1969-இல் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற பொது நில அமைப்பை நிறுவி, ஏறக்குறைய 5,700 ஏக்கரை வாங்கினர். வறட்சி தாக்கியபோது அரசுக் கடன் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. 1985-இல் நிலம் கைவிட்டுப் போயிற்று. இனப் பாகுபாட்டிற்கென 2009-இல் இழப்பீடு வழங்கப்பட்டது. அத்தொகையைக்கொண்டு 2011-இல் வேறு நிலம் வாங்கினர். இழந்த நிலமோ திரும்பவில்லை.

ஆகவே, இத்தகைய ஊர்களுக்கு உதவ விழைவோர் மண்வேலைக்கான முதலையும், வறட்சி ஆண்டைத் தாங்கும் கடனையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஹைதராபாத்திற்கு மேற்கே ஜஹீராபாத் வட்டாரத்தில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சார்ந்த தலித் பெண்கள் 1990-களின் நடுவில் இதற்கொரு வழி கண்டனர். தரிசைத் திருத்தி உழவும், எருவிடவும், விதைக்கவும் உழவருக்கு முன்பணம் தரப்பட்டது. வேலை நடந்ததா என்று பெண்கள் குழு வயலுக்கே சென்று பார்த்தது. கடனைப் பணமாக அன்றிச் சோளமாகச் சில ஆண்டுகளில் திருப்பித் தரவேண்டும். அச்சோளம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, எந்த வீட்டில் வறுமை மிகுதி என்று ஊரார் கூடி வரிசைப்படுத்திய பட்டியலின்படி, உணவு முடையான மாதங்களில் குறைந்த விலைக்கு அளிக்கப்பட்டது.