இன்னும் கொஞ்சம் மேலே ஏறிப் படுங்க

டென்டல் சேரைச் சாய்க்கும்போது படுத்திருப்பவர் மெல்லச் சறுக்கிவிடுவார். தலை மெத்தையின் மேல் விளிம்புக்கு வராமல் நாலு விரற்கடை கீழே நின்றுவிடும். அந்த நாலு விரற்கடையை ஈடுகட்டுவது மருத்துவரின் முதுகுதான். வயதானவரைப் போய் நகரச் சொல்வானேன் என்று தயங்கி, குனிந்தே வேலையை முடிப்பவர்கள் நிறைய. தொழிலில் பழுத்தவர்கள் தயங்குவதில்லை. "அம்மா, இன்னும் கொஞ்சம் மேலே ஏறிப் படுங்க, தலை இந்த ஓரத்துக்கு வரணும்" என்று சொல்லி, அவர் நகர்ந்த பிறகுதான் கையுறையே மாட்டுகிறார்கள்.

மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. கழுத்தை 60 டிகிரி முன்னால் சாய்த்தால் கழுத்தெலும்பின் மேல் விழும் சுமை ஏறத்தாழ 27 கிலோ என்கிறது 2014இல் வெளியான ஒரு கணக்கீடு. எந்த மருத்துவரும் நாள் முழுக்க அவ்வளவு குனிவதில்லைதான். ஆனால் ரூட் கெனால் செய்யும்போது பாதிச் சாய்வில் அரை மணி, முக்கால் மணி அசையாமல் இருக்க நேர்கிறது. சாய்வு 20 டிகிரிக்குள் இருக்கட்டும் என்பதுதான் பொதுவான அறிவுரை.

முன்பெல்லாம் பல் மருத்துவர்கள் நின்றபடிதான் வேலை செய்தார்கள். முழுக்கச் சாயும் நாற்காலி 1958இல் வந்த பிறகே உட்கார்ந்து செய்வது பரவியது. கால் தப்பித்தது, கழுத்தும் தோளும் மாட்டிக்கொண்டன.

மேல் கடைவாய்ப் பல்தான் உண்மையான சோதனை. நேராகப் பார்க்க ஆசைப்பட்டால் தலையைக் கவிழ்த்து, கழுத்தைத் திருகித்தான் ஆக வேண்டும். நோயாளியின் தலைக்குப் பின்னால், கடிகாரத்தில் 12 மணி இருக்கும் திசையில் உட்கார்ந்து, அவர் முகவாயைத் தூக்கச் சொல்லி, மவுத் மிரரில் பார்த்தால் முதுகு நிமிர்ந்தே இருக்கும். "கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது" என்று மாணவர்கள் முனகுவார்கள். போகப் போகக் கைக்குப் பிடிபட்டுவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, பல்லைக் குடையும் ஏரோட்டர் பீய்ச்சும் தண்ணீர் கண்ணாடியை மறைப்பது. பக்கத்தில் இருக்கும் உதவியாளர் சிரிஞ்சால் கண்ணாடி மேல் காற்றடித்துக்கொண்டே இருந்தால் அதுவும் தீரும். உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்க யோசிக்கும் க்ளினிக்குகள் பிசியோதெரபிக்குச் செலவழிப்பது எனக்கு விளங்காத கணக்கு.

கைக்கு வரும் வலி வேறு ரகம். முனை மழுங்கிய ஸ்கேலரை வைத்துக் காறையைச் சுரண்டினால் கட்டைவிரலும் மணிக்கட்டும் கூடுதல் பலம் கொடுத்தாக வேண்டும். அன்றாடம் தீட்டிவைப்பது பாதி வலியைத் தடுக்கும். கைப்பிடி சுமார் 10 மி.மீ. பருமனும் 15 கிராமுக்குள் எடையும் இருந்தால் இறுக்கிப் பிடிக்கும் அவசியம் குறைகிறது. இரு கைக்கும் பொதுவான கையுறை கட்டைவிரலைப் பின்னுக்கு இழுக்கும். அளவு சிறியதாக இருந்தால் இன்னும் மோசம்.

கழுத்து வலி வந்ததும் பலர் ஓடிப்போய் வாங்குவது லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி. சரியாக அமைந்தால் நல்ல துணைதான். தூரம் பொருந்தாத லூப்போ, தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று கழுத்தைக் கீழே இழுத்துக்கொண்டே போகும். கடைக்காரர் காட்டும் மாதிரியைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது வீண். தன் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கை உடம்பை ஒட்டி இருக்க, நாற்காலியில் ஒருவரைப் படுக்க வைத்து, கண்ணுக்கும் அவர் வாய்க்கும் இடையிலுள்ள தூரத்தை வேறொருவரை விட்டு டேப்பால் அளக்கச் சொல்ல வேண்டும். தானே அளந்தால் குனிந்துதான் அளப்பார்.