ஆம்பூர்ப் பக்கம் களப்பணிக்கு வருகிறவர்களுக்கு

சமூகப்பணி படித்துவிட்டு, படிவங்களோடு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தெருக்களில் இறங்கும் தம்பி தங்கைகளுக்குச் சில சொல்கிறேன்.

1. காலை பத்து மணிக்கு வீடு பார்க்கப் போகாதீர்கள். அம்மாவை ஷூ கம்பெனி பஸ் விடிந்ததுமே ஏற்றிக்கொண்டு போயிருக்கும். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு ‘தாயின் கவனிப்பு இல்லை’ என்று எழுதுவது அநியாயம். ஷிப்ட் விட்ட பிறகு போங்கள்.

2. கம்பெனிக்குப் போக முடியாத பெண்கள் வீட்டிலேயே ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கிறார்கள். ஏஜென்ட் மூட்டையைப் போட்டுவிட்டுப் போவார். ஜோடிக் கணக்கில் கூலி, அதுவும் சொற்பம். விரலில் துணி சுற்றிக்கொண்டு தடித்த தோலில் ஊசியை இழுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நூல் கோத்துக் கொடுப்பது பள்ளிக்கூடம் போகும் மகளாக இருக்கும். உடனே குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை நீட்டாதீர்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகும், ஆபத்தில்லாத வேலையென்றால், பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு ஒத்தாசை செய்யலாம் என்கிறது சட்டம். (அந்த விலக்கே கூடாது என்பது என் கட்சி. அது வேறு பேச்சு.) நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாள், இந்த மாதம் எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, குழுக் கடனுக்குத் தவணை என்றைக்கு என்று கேளுங்கள். தவணைக்கு முந்தின நாளெல்லாம் வருகைப் பதிவேட்டில் விடுப்பாக இருந்தால், வினை எங்கே என்று தெரிந்துவிடும்.

டேனரிக்குள் 18 வயது நிரம்பாத பையன் வேலை செய்தால் யோசிக்க ஒன்றுமில்லை. தோல் பதனிடுவது அபாயத் தொழில். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

3. பல வீடுகளில் உருது பேசுவார்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வீட்டுச் சண்டையை அது தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் வேண்டாம். உருது தெரிந்த சக பணியாளரைக் கூட்டிப் போங்கள்.

4. “ஹாஸ்டல்ல சேத்துவுட்டுருங்க மேடம்” என்று கும்பிடுவார்கள். சோற்றுக்கும் ஃபீஸுக்கும் வழியில்லாமல் வரும் வார்த்தை அது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றுதான் 2015 இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. தாய் விதவையோ கைவிடப்பட்டவரோ, பெற்றோருக்குத் தீராத நோயோ என்று பாருங்கள். அப்படியிருந்தால் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பணத்தைவிட வருமானச் சான்று வாங்குவதுதான் பாடு. ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸில் நிற்க அந்த அம்மாவால் முடியாது. கூடவே போய் நில்லுங்கள்.

5. 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம்; ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டை; பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே. மீட்ட பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். எந்த மாவட்டம் என்று அப்போது தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

6. போட்டோ எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பவர் இந்த வேலைக்கு வேண்டாம்.

7. காலணி, தோல் தொழிலாளருக்கென்று மாநிலத்தில் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவரின் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்கும். வீட்டில் தைக்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அடுத்த முறை போகும்போது விண்ணப்பத்தை எடுத்துப்போய், உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.