உயிர்நிலை அறிதல்

நுழையும்முன்

மரத்திற்கும் உயிருண்டு என்பதை அறியாதார் இல்லை. ஆயினும் அவ்வுயிர் எங்கு நிலைபெற்றுள்ளது, எதனால் அழியும் என்பதை அறிந்தோர் சிலரே. தாவரமும் விலங்கும் உடலமைப்பிலும் செயலிலும் ஒன்றுபடும் இடங்களையும் வேறுபடும் இடங்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரே வரிசை

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களைப் புலனறிவின் அடிப்படையில் ஆறு வகையாகப் பகுத்தார். புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டுமே உடைய ஓரறிவுயிர்கள்; நண்டும் தும்பியும் நாலறிவின; மக்கள் ஆறறிவினர். அறிவின் அளவு வேறுபடினும் தாவரத்தையும் விலங்கையும் அவர் ஒரே வரிசையில் வைத்தமை எண்ணத்தக்கது. தாவரங்கள் செல்களால் ஆனவை என்று 1838ஆம் ஆண்டில் ஷ்லைடனும், விலங்குகளும் அவ்வாறே என்று 1839ஆம் ஆண்டில் ஷ்வானும் எடுத்துரைத்தனர். இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே என்பது நுண்ணோக்கியின் வழியும் தெளிவாயிற்று.

நிற்றலும் நடத்தலும்

அடிப்படை ஒன்றாயின், வேறுபாடு எங்குத் தொடங்குகிறது? உணவு பெறும் முறையில் தொடங்குகிறது. பச்சையம் உடைய தாவரம் ஒளி, நீர், கார்பன் டைஆக்சைடு ஆகியவற்றைக் கொண்டு நின்ற இடத்திலேயே உணவை ஆக்கிக்கொள்கிறது. விலங்கோ உணவைத் தேடிச் செல்கிறது. அதற்கேற்பத் தசைகளும் நரம்புகளும் பெற்றுள்ளது. விலங்குச் செல்லைச் சூழ்ந்திருப்பது மெல்லிய சவ்வு. நிமிர்ந்து நிற்கவேண்டிய தாவரத்தின் செல்லுக்கோ, சவ்விற்கு வெளியே செல்லுலோசாலான சுவரும் உண்டு.

நம் உடலில் குருதியைச் செலுத்துவது இதயம். மரத்திற்கு இதயம் இல்லை. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது தோன்றும் இழுவிசை, வேர் உறிஞ்சிய நீரைச் சைலம் வழியே உச்சிவரை ஏற்றுகிறது. இலை ஆக்கிய உணவை ஃபுளோயம் வேர்வரை கொண்டுசேர்க்கிறது.

புறக்காழும் அகக்காழும்

தண்டின் வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. இதன்படி பனையும் தென்னையும் புல்லினத்தில் அடங்கும். இன்றைய தாவரவியலும் இவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்கிறது.

இவ்வேறுபாடு பெயரளவினது அன்று. வேம்பின் கிளையை வெட்டினால் பக்க மொட்டுகள் தளிர்க்கும். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்தாலோ, ஃபுளோயம் அறுபட்டு வேர் உணவின்றி நலியும். நாளடைவில் மரமே பட்டுப்போகும். பனையின் கடத்தும் குழாய்கள் தண்டு முழுவதும் பரவியிருப்பதால் மேற்புறக் காயத்தை அது தாங்கும். ஆனால் அதன் வளர்நுனி உச்சியில் உள்ள ஒன்றே. குருத்தை வெட்டினால் பனை மடியும். வேம்பின் உயிர்நிலை பட்டையை ஒட்டி இருக்கிறது. பனையின் உயிர்நிலை குருத்தில் இருக்கிறது.

நம் கடமை

துன்புறுத்தினால் விலங்கு கதறும், தப்பி ஓடும். மரம் நின்ற இடத்திலேயே காயத்தை ஏற்கிறது. அடிமரம் வரை சிமெண்டுத் தளம் இடும்போது, மண்ணிடைக் காற்றைக் கொண்டு சுவாசிக்கும் வேர்கள் திணறுகின்றன. விளம்பரப் பலகைக்காக அடிக்கும் ஆணி, பட்டையைத் துளைத்து நோய்க்கிருமிகளுக்கு வழிதிறக்கிறது. தீங்கிழைக்கும் எண்ணம் இல்லாதவரும் அறியாமையால் இவற்றைச் செய்கின்றனர். எவ்வுயிரின் உயிர்நிலை எது என அறிந்து காப்பதே ஆறறிவிற்கு அழகு.

கற்பவை கற்றபின்

1. பள்ளி வளாகத்தில் உள்ள தாவரங்களைப் புறக்காழ் உடையவை, அகக்காழ் உடையவை என அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் தெருவில் சிமெண்டுத் தளத்தால் வேர் மூடப்பட்ட மரத்தைக் காக்க வேண்டி, உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.