எதிர்பாராது வரும் வாய்ப்பும் மகளிர் தொழில் முயற்சியும்

ஆடி மாதத்தில் விதை தெளிக்கும் குடியானவருக்கு, ஐப்பசியில் மழை தவறாமல் பெய்யும் என்று எவரும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை. அவர் கடன் பட்டு விதையும் உரமும் வாங்குகிறார். பூச்சி விழலாம், அறுவடை நாளில் விலை சரியலாம். ஆயினும் ஊரார் அவரை விவேகமற்றவர் என்று இகழ்வதில்லை. பயிர்த்தொழிலின் இயல்பு அது என்று ஏற்றுக்கொள்கிறார்கள். அதே வீட்டுப் பெண்மணி 5,000 ரூபாய்க்குச் சரக்கெடுத்து ஒரு தொழில் நடத்திப் பார்க்கிறேன் என்று சொல்லட்டும், "நஷ்டம் வந்தால் யார் கட்டுவது?" என்ற கேள்வி வீட்டுத் திண்ணையிலும் எழுகிறது, பஞ்சாயத்து அலுவலகத்திலும் எழுகிறது.

கேள்வியில் தவறில்லை. உண்மையில், மகளிர் தொழில் முயற்சியைப் பற்றிய கேள்விகளுள் தலையாயது அதுவே என்பது என் கருத்து. அக்கேள்வியை அந்தப் பெண்மணியிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம் என்பதுதான் குறை.

கிராமத்தில் தொழில் வாய்ப்பு என்பது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வருவது. திட்டம் தீட்டி, பயிற்சி பெற்று, நல்ல நாள் பார்த்துத் தொடங்கும் தொழில்கள் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு அலுவலர்கள் பலர் இருக்கிறோம். ஆனால் திடீரென்று ஒரு வியாபாரி வந்து, "இத்தனை உருப்படி வேண்டும், நாளைக்குள் பதில் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, "சரி" என்று சொல்வதா, "முடியாது" என்று சொல்வதா என்பதை ஓரிரவில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஓரிரவில் துணிவு எங்கிருந்து வருகிறது? அதைப் பற்றி இரண்டொரு உதாரணங்களைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

முதலாவது, பலரும் பெயரளவில் அறிந்தது. 1959-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15-ஆம் தேதி, பம்பாய் நகரின் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். அவர்கள் பெரும் படிப்புப் படித்தவர்களல்லர். வீட்டு வேலை முடிந்த நேரத்தில் குடும்பத்திற்கு இரண்டு காசு சேர்க்க விரும்பியவர்கள். நஷ்டத்தில் இயங்கிவந்த ஓர் அப்பளத் தொழில் கைமாறக் கிடைத்தது. பிறர் நடத்தி நொடித்த தொழிலை ஏற்பதற்கு அனுபவமுள்ள வியாபாரிகளே தயங்குவார்கள். இவர்கள் ஏற்றார்கள். சமூக ஊழியரான சகன்லால் கரம்சி பாரேக் என்பவரிடம் 80 ரூபாய் கடன் பெற்று, உளுந்து மாவும் பிற சாமான்களும் வாங்கினார்கள். முதல் நாள் உற்பத்தி நான்கு பொட்டலங்கள். அதுவே பின்னாளில் 'லிஜ்ஜத்' என்று நாடெங்கும் அறியப்பட்ட அப்பளமாகும்.

நான்கு பொட்டலத்திலிருந்து நாட்டளவு விற்பனைக்கு வந்த பெருமையைப் பேசுவோர், முதலாண்டில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அதுதான். முதலாண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நான்கு மாத காலம் உற்பத்தியை நிறுத்தி வைக்க நேர்ந்தது. நெல்லை மழையில் நனையவிட்ட எவரும் அந்த நான்கு மாதத்தின் வேதனையை அறிவர். மறுவருஷம் அவர்கள் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினார்கள். மழையைக் காரணம் காட்டும் தேவை அத்துடன் ஒழிந்தது. இத்தனை இடையூறுகளுக்கிடையே முதலாண்டின் விற்பனை 6,196 ரூபாய்.

தொடக்கத்தில் நயம், மட்டம் என இரண்டு தரங்களில் அப்பளம் செய்து விற்றார்கள். தரத்தைக் குறைக்க வேண்டாம், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்று கடன் கொடுத்த பெரியவர் புத்தி சொன்னார். மட்டச் சரக்கு நின்றது. 1961-இல் மலாட் பகுதியில் கிளை ஒன்று தொடங்கினார்கள், அது நடக்கவில்லை. ஊதுவத்தி, தீப்பெட்டி போன்ற வேறு தொழில்களிலும் கைவைத்துப் பார்த்தார்கள், அவையும் கைகூடவில்லை. ஆக, அவர்கள் "சரி" என்று சொன்னவற்றுள் தோல்வியுற்றவை பல. ஆயினும் எந்தத் தோல்வியும் ஒரு குடும்பத்தை மட்டும் தெருவில் நிறுத்திவிடவில்லை. காரணம், அங்கே உழைக்கும் ஒவ்வொரு பெண்மணியும் பங்காளி. லாபமாயினும் நஷ்டமாயினும் பங்கு அனைவருக்கும் உண்டு. 1966-இல் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றபோதும், கதர் கிராமக் கைத்தொழில் ஆணைக்குழு அதே ஆண்டில் அங்கீகாரமும் 8 லட்ச ரூபாய் நடைமுறை மூலதனமும் வழங்கியபோதும் இந்த ஏற்பாட்டை அவர்கள் மாற்றவில்லை. பெருந்தொகை வந்தது ஏழு ஆண்டு கழித்து என்பதையும் கவனிக்க. நிறுவிய எழுவருள் ஒருவரான ஜஸ்வந்தி பென் ஜம்னாதாஸ் போபட் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது.

நகரத்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தை நினைவு கூரலாம். 1990-களின் தொடக்கத்தில், ஒப்பந்ததாரர்களிடம் கூலிக்குக் கல்லுடைத்துவந்த பெண்களின் குழுக்களுக்கே கல்குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுக்க மாவட்ட நிர்வாகம் முன்வந்தது. அந்தப் பெண்கள் எதிர்பார்த்த ஒன்றன்று அது. கல்லைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை; குத்தகைப் பத்திரத்தைப் பற்றித் தெரிந்ததும் ஒன்றுமில்லை. அறிவொளி இயக்கமும் பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியும் அம்மாவட்டத்தில் அதே ஆண்டுகளில் நடைபெற்றன. எழுத்தும் சைக்கிளும் கைவந்தவர்களுக்குக் குத்தகை எடுக்கும் துணிவு எளிதில் வந்திருக்கும் என்பது என் ஊகம். தெரிந்த தொழிலில் தெரியாத பொறுப்பை ஏற்பது ஒரு வகைத் துணிவு; தெரியாத தொழிலில் குதிப்பது வேறு. முன்னதை நாம் தயங்காமல் ஊக்கலாம்.

இனி என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமை தருவது அதிகமில்லை.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கொரோனா நோயை முன்னிட்டு ஊரடங்கு நடைமுறையில் இருந்த சமயம். நான் பணியாற்றிய ஒன்றியத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கும் ஏழை எளியோருக்கும் வழங்கத் துணி முகக்கவசங்கள் தேவைப்பட்டன. 6,000 உருப்படி, 12 நாட்களில். ஒன்றுக்கு 10 ரூபாய் விலை. தையல் தெரிந்த இரண்டு மகளிர் சுய உதவிக் குழுக்களை அணுகினேன். ஒரு குழுவில் 15 பேர், பயிற்சி பெற்றவர்கள், மின்சாரத் தையல் இயந்திரங்கள் இரண்டு வைத்திருந்தார்கள். மற்றதில் 12 பேர். கால் மிதி இயந்திரங்கள் ஐந்து, அவற்றுள்ளும் ஒன்று பழுது. முதற்குழு முடியாது என்றது. இரண்டாவது குழு மறுநாட் காலையில் "சரி" என்றது. பழுதை ஒருவாறு சரி செய்துகொண்டு, நாளொன்றுக்கு ஓர் இயந்திரத்திற்கு 100 வீதம் 12 நாளில் தைத்து முடித்தார்கள்.

கணக்கையும் தருகிறேன், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். துணி 600 மீட்டர், மீட்டர் 35 ரூபாய் வீதம் 21,000 ரூபாய். நூலும் நாடாவும் 4,000. தையற்கூலி ஒன்றுக்கு 3 ரூபாய் வீதம் 18,000. ஆக மொத்தச் செலவு 43,000, வரவு 60,000, மிச்சம் 17,000. காகிதத்தில் இது நல்ல தொழில். ஆனால் கூலிக்குக் காத்திருக்கலாம். துணி வியாபாரி காத்திருக்கமாட்டார். கடைகள் மூடிக்கிடந்த அந்நாளில் கிடங்கைத் திறந்த வியாபாரி, ரொக்கம் வைத்தால்தான் துணி என்றார். முதல் நாளே 25,000 ரூபாய் வேண்டும். குழுச் சேமிப்பில் 10,000 இருந்தது. மீதி 15,000-க்கு இரண்டு பெண்கள் தம் கழுத்துச் சங்கிலிகளைக் கழற்றி, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் அடகு வைத்தார்கள்.

பதினைந்து நாளில் பணம் வந்துவிடும் என்று அவர்களிடம் சொன்னவன் நான். வந்தது நான்கு மாதம் கழித்து. எந்த மேசையில் தாமதம் என்பதை இங்கே விவரிப்பதால் பயனில்லை. வட்டி 1,200 ரூபாய்தான். மிச்சத்தில் அது ஒரு சிறு பகுதியே. ஆனால் சங்கிலி இல்லாத கழுத்தோடு நான்கு மாதம் ஒரு பெண் தன் மாமியார் வீட்டில் இருப்பதன் விலையை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது. அந்நாட்களில் அத்தெரு வழியாகச் செல்வதையே நான் தவிர்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முடியாது என்ற முதற்குழுவைப் பற்றி என் நாட்குறிப்பில் "ஊக்கம் போதாது" என்று எழுதி வைத்தேன். இரண்டாண்டு கழித்தே உண்மை தெரிய வந்தது. அக்குழு முன்னொரு சமயம் திருவிழாவில் முறுக்கு, அதிரசம் விற்கக் கடை போட்டது. மழை பெய்து சரக்கு வீணாயிற்று. நஷ்டம் 4,000 ரூபாய். கடை போடலாம் என்று சொன்னவர் செயலாளர் என்பதால், அவர் ஒருவரே அத்தொகையைக் கட்டினார். வீட்டில் வசைமொழியும் கேட்டார். மேலும், 2020-இல் அவர்களுடைய சேமிப்பு முழுவதும் உள்கடனாக வெளியே இருந்தது. பெட்டியில் 500 ரூபாயும் இல்லை. இந்நிலையில் அவர்கள் மறுத்தது விவேகமேயன்றி ஊக்கக் குறைவன்று. "சரி" என்ற குழுவினர் இவர்களைவிடத் துணிச்சலானவர்கள் என்று நான் இப்பொழுது கருதுவதில்லை. அவர்கள் பெட்டியில் 10,000 ரூபாய் இருந்தது. நஷ்டம் வந்தால் பன்னிருவரும் பகிர்வது என்ற வழக்கமும் முன்னமேயே இருந்தது. அடகு வட்டியைப் பன்னிருவரும் சமமாகவே ஏற்றார்கள். கிர்காம் மொட்டை மாடியில் இருந்த ஏற்பாடும் ஏறத்தாழ இதுவே.

பஞ்சாயத்து செய்யத்தக்கது என்ன? குழுக்கள் சேமிப்பு முழுவதையும் உள்கடனாகக் கொடுத்துவிடாமல் ஒரு பகுதியைக் கையிருப்பாக வைக்குமாறு சொல்லலாம். நஷ்டத்தை எவ்வாறு பகிர்வது என்பதை, நஷ்டம் வருமுன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடச் செய்யலாம். வந்த பிறகு எழுதப் புகுந்தால் சண்டைதான் மிஞ்சும். ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பிடம் நிதி இருக்குமாயின், கொள்முதல் ஆணையைக் காட்டுகிற குழுவுக்கு ஓரிரு நாளில் குறுகிய காலக் கடன் தர ஏற்பாடு செய்யுமாறு தூண்டலாம். சுய உதவிக் குழுக்களுக்கு ஈடின்றி வழங்கத்தக்க வங்கிக் கடனின் உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 2021-இல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்தியது உண்மையே. அது பெருந்தொழிலுக்கு ஏற்றது. நாளைக் காலையில் துணி வாங்க வேண்டியவளுக்கு, விண்ணப்பம் எழுதி மேலாளரைக் காணும் அவகாசம் கிடையாது.

பஞ்சாயத்தே வாங்குபவராக இருக்கும் சமயங்களில் நமது கடமை இன்னும் கூடுகிறது. விழாவுக்குச் சிற்றுண்டி, கூட்டத்திற்குச் சாப்பாடு, துணிப் பை, மரக்கன்று என்று குழுக்களிடம் வாங்குகிறோம். பணம் கொடுப்பதில் தாமதம் செய்தால், அடுத்த முறை "சரி" என்று சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள். பிறகு மகளிருக்கு ஆர்வமில்லை என்று நாமே அறிக்கை எழுதுவோம்.

அந்தப் பன்னிருவர் குழு பின்னர் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் அறிய விரும்பலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டிருப்பதால் துணிப் பைக்குத் தேவை இருந்தது. திருமண வீடுகளுக்குத் தாம்பூலப் பை தைக்குமாறு பக்கத்து நகரத்து ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் வந்து கேட்டார். முகக்கவசம் தைத்த கை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குழுவினர் "சரி" என்றார்கள். ஆனால் பாதிப் பணம் முன்னதாக வேண்டும், துணி கடைக்காரருடையது, அச்சுப் பிழைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று மூன்று நிபந்தனைகள் சொன்னார்கள். அவர் ஒப்பினார். வேறொருவர் ஒரே வாரத்தில் 20,000 பை கேட்டபோது, முடியாது என்று திருப்பியனுப்பிவிட்டார்கள். அந்த மறுப்பையும் நான் மெச்சுகிறேன்.

சென்ற மாதம் ஒரு விழாவுக்காக 1,500 துணிப் பைகள் வேண்டியிருந்தது. குழுத் தலைவியை அலுவலகத்திற்கு அழைத்து விவரம் சொன்னேன். அவர் அளவைக் கேட்டார், நாளைக் கேட்டார், நிறத்தைக் கேட்டார். எல்லாவற்றையும் சிறு நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடாமலே, "பணம் எந்தத் தேதியில் கிடைக்கும் ஐயா?" என்றார். நான் கணக்கரை அழைத்து விசாரித்து, ஒரு தேதியைச் சொன்னேன். "அதை இந்த நோட்டிலே நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் ஐயா" என்று நோட்டை என் பக்கம் நகர்த்தினார். எழுதிக் கொடுத்தேன்.