உயரமான பிள்ளைகள்: வயதைப் பார்த்து நடத்துங்கள்



ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை உம்மாவின் உயரத்தை எட்டிவிட்டால் ஊர்ப் பேச்சு மாறிவிடுகிறது. பள்ளியில் "பனைமரம்" என்கிறார்கள். கல்யாண வீட்டில் மாமிமார், "அடுத்து இவளுக்குத்தான்" என்று சிரிக்கிறார்கள். பிள்ளை கூன் போட்டு நடக்கத் தொடங்குகிறாள். உயரம் எவ்வளவு ஆனாலும் அவளுக்கு வயது 11தான். மனமும் 11 வயது மனம்தான். இதை வீட்டார் மறக்கக் கூடாது.

வளர்ச்சியின் கணக்கு

பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிடச் சுமார் இரண்டு ஆண்டு முன்னதாகவே வேகமாக வளர்வார்கள். ஒரே ஆண்டில் 8 செ.மீ. வளர்வதும் இயல்புதான். மாதவிடாய் வந்தபின் வேகம் குறையும். முந்தி வளர்ந்தவள் பிறகு தோழிகளுக்குச் சமமாக நிற்பதும் உண்டு.

உயரம் பெரும்பாலும் பெற்றோர் வழி வருவது. வாப்பா 174 செ.மீ., உம்மா 160 செ.மீ. என்றால் கூட்டுத்தொகை 334. மகளுக்கு அதில் 13 கழித்து, மகனுக்கு 13 கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். மகளுக்கு 160.5, மகனுக்கு 173.5 வரும். இது தோராயம்தான், 8 செ.மீ. கூடலாம், குறையலாம்.

உணவும் உறக்கமும்

சாப்பாட்டைக் குறைத்து உயரத்தை நிறுத்த நினைக்காதீர்கள். எலும்பும் இரத்தமும்தான் பலவீனப்படும். கேழ்வரகு, தயிர், முட்டை, நெத்திலி, பயறு, முருங்கைக்கீரை கொடுங்கள். வெயிலில் விளையாட விடுங்கள். 9 மணி நேர உறக்கம் வேண்டும். ஃபஜ்ருக்கு எழ வேண்டிய பிள்ளை இஷா தொழுததும் படுக்கட்டும்.

இரவில் இரண்டு கால்களும் வலித்துக் காலையில் சரியாகிவிட்டால் பயமில்லை. ஒரு காலில் மட்டும் வலி, வீக்கம், நொண்டுதல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெண்ணுக்கு 8, ஆணுக்கு 9 வயதுக்கு முன்பே பருவ மாற்றம் தெரிந்தாலும், தலைவலியோடு பார்வை மங்கினாலும், ஒரு தோள் தாழ்ந்திருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

பட்டப்பெயர் வேண்டாம்

பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை அல்லாஹ் ஸூரத்துல் ஹுஜுராத் 11ஆம் வசனத்தில் தடுத்திருக்கிறான். வேடிக்கைக்கு என்றாலும் அது புண்படுத்தும். நம் அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் உயரமான பெண்மணி என்று புகாரியில் பதிவாகியுள்ளது. மிஃராஜில் கண்ட மூஸா (அலை) அவர்களையும் உயரமானவர் என்றே நபி (ஸல்) அவர்கள் வர்ணித்தார்கள். இவற்றைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

யாராவது கேலி செய்தால் பிள்ளையின் முன்னாலேயே, "இவளுக்கு 11 வயதுதான்" என்று சொல்லுங்கள். "பெரிய பெண்ணாகிவிட்டாயே" என்று விளையாட்டை நிறுத்தாதீர்கள். ஆண்பிள்ளையானால், "இவ்வளவு வளர்ந்தும் அழுகிறாயா" என்று கடியாதீர்கள். வாலிபால், கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் சேர்த்தால் உயரம் அவர்களுக்கே பெருமையாகும். பழைய உடை குட்டையானால் அளவான உடை தையுங்கள். இறுகிய உடையும் கூனச் செய்யும்.

வரன் பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெண்ணுக்குச் சட்டம் வைத்துள்ள திருமண வயது 18. உயரம் அதைக் குறைக்காது. படிப்பையும் நிறுத்தக் கூடாது.

அழகிய அமைப்பில் மனிதனைப் படைத்த அல்லாஹ், நம் பிள்ளைகளை உடல் நலத்தோடும் நிமிர்ந்த நடையோடும் வளரச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்